விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் நடைபாதையான பீக்கோ ட்ரெயிலை எங்கள் நண்பர் குழு பகுதி பகுதியாக நடந்து முடித்துவிட்டது. அந்தப் பாதைக்காக உழைத்தவர்களைக் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்து, வெள்ளிக்கிழமை இரவு விருந்து வைத்துக் கௌரவிக்க விரும்புகிறோம். யாரை அழைப்பது, எப்படிச் செய்வது?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். திட்டம் போட்டவர்கள், நிதி தந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்கள், சுற்றுலாத்துறை அதிகாரிகள், தோட்டத்துக்குள் நடக்க வழிவிட்ட கம்பனிக்காரர்கள் எல்லாரும் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருப்பார்கள், இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது தோட்டத்து ஆட்களைப் பற்றி.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற இந்த 300 சொச்சம் கிலோமீற்றர், 22 பகுதி, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைதான். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கி, மழைக்குக் கான் வெட்டி, கல் அடுக்கி, தலைமுறை தலைமுறையாக அதைப் பாதையாக வைத்திருந்தது மலையக மக்கள். இரண்டாம் பகுதி போய்ச் சேரும் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம், ஆனால் அந்தச் சரிவில் காடு வெட்டியவர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இன்றைக்கு அந்தப் பாதையில் புல் செதுக்குகிறவர்களின் பெயரும் அப்படிப் போய்விடக் கூடாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பாருங்கள், 14 மாநிலங்களைத் தாண்டும் கிட்டத்தட்ட 3,500 கிலோமீற்றர், அதைப் பெரும்பாலும் தொண்டர்கள்தான் துப்புரவாக்கிப் பராமரிக்கிறார்கள், அவர்களைப் பாராட்டுவதும் அங்கே வழக்கம். நம்முடைய பாதையில் அந்த வேலையைச் செய்தவர் நாள் சம்பளக்காரர்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை இரவு வேண்டாம் என்கிறேன். பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா வந்து போக ஒன்றரை நாள் ஆகும், அந்த நாளுக்குத் தோட்டத்து வரவுப் பதிவில் அவருக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஞாயிறு மதிய விருந்தாக வையுங்கள். வேன் பிடித்துக் கொடுங்கள், சனி இரவு தங்க இடம் பாருங்கள், அப்படியும் ஒரு நாள் வேலை போனால் அந்தச் சம்பளத்தை உறையில் போட்டு வந்தவுடனேயே கையில் கொடுத்துவிடுங்கள். தனியாக வரச்சொல்லாதீர்கள், வீட்டில் ஒருவரைக் கூட்டிவரட்டும்.

யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்தந்தத் தோட்டத்துத் தலைவரைக் கேளுங்கள், வழி வெட்டப் போனது யார், அம்புக்குறிக் கம்பம் நட்டது யார், மழையில் மாட்டிக்கொண்டவர்களைத் தங்கள் வரிசை வீடான லயத்துக்குள் கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தது யார் என்று ஒவ்வொருவராகச் சொல்வார். பட்டியலில் ‘தோட்ட மக்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடாமல் முழுப் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் எழுதுங்கள், மேடையில் வாசிக்கிறவர் அந்தப் பெயர்களை முதல் நாளே சரியாகச் சொல்லிப் பழகட்டும். நிகழ்ச்சி முழுக்க ஆங்கிலத்தில் ஓடினால் வந்தவர் கைதட்டுவதற்கு மட்டும் உட்கார்ந்திருப்பார், ஆகவே தமிழிலும் சிங்களத்திலும் பேசுங்கள். முக்கியஸ்தர் பேச்சு முடியும்வரை சாப்பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். அப்புறம், பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாமல் நல்ல மழைக்கோட்டு ஒன்றும் கொடுங்கள், மலையில் அது அன்றாடம் உதவும்.

முடிந்தால் இதே விருந்தை அடுத்த வருடம் ஹட்டனிலேயே வையுங்கள். கொழும்புக்காரர் பயணம் செய்யட்டும்.

கேள்வி: பத்து வயது மகனோடு இந்தப் பாதையில் நடக்க ஆசை. எப்போது, எங்கே தொடங்கலாம்?
- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஹட்டன் பக்கம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே முதல் அங்கே தென்மேல் பருவமழை கொட்டும், அந்த மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும், ஹப்புத்தளை, எல்ல பகுதிகளுக்குப் போகலாம். முதல் தடவைக்கு ஹந்தானையிலிருந்து கலஹாவுக்குப் போகும் முதல் பகுதியே போதும், விடியக் கிளம்பி ஆறுதலாக நடங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் பையில் இருக்கட்டும். லயத்துக்கு முன்னால் போகும்போது கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று மகனுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.