துறை நிபுணர் தன் ஆய்வுத்தாளைத் தானே விக்கிப்பீடியாவில் சேர்த்தால் ஏன் நீக்குகிறார்கள்?

கேள்வி: "உலோக அரிமானத்தில் 15 ஆண்டுகளாக ஆய்வு செய்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் என் துறைக் கட்டுரைகள் மூன்றில் என் ஆய்வுத்தாள்களை மேற்கோள் காட்டி எழுதினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, என் பேச்சுப் பக்கத்தில் 'நலமுரண்' என்று எச்சரிக்கையும் வைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்தவன் எழுதக் கூடாது என்றால் வேறு யார்தான் எழுதுவது?"

நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் எதை, எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது.

முதலில் அந்த எச்சரிக்கையை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் மகன் அதே தேர்வை எழுதியிருந்தால், அந்தத் தாளை வேறொருவரிடம் கொடுத்துவிடுவோம். ஆசிரியர் நேர்மையானவரா என்ற விசாரணையே அங்கே எழாது. அவர் நிற்கும் இடம் அப்படி, அவ்வளவுதான். நலமுரணும், அதாவது தன் சொந்த நலன் கலந்த விஷயத்தைத் தானே எழுதுவதும், அதே கதைதான். விக்கிப்பீடியாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதலாம். அங்கே நிபுணர்களை நடத்தும் விதத்தில் பெரிய குறை உண்டு, அதையும் கீழே சொல்கிறேன்.

உங்கள் தொகுப்புகளை நீக்கியவர் என்ன பார்த்திருப்பார்? புதுக் கணக்கு ஒன்று மேற்கோள் சேர்த்தால், அண்மைய மாற்றங்களைக் கவனிக்கும் தன்னார்வலர் அந்தக் கணக்கின் பங்களிப்புப் பட்டியலைத் திறப்பார். மூன்று கட்டுரை, மூன்றிலும் ஒரே ஆசிரியர் பெயர். ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம் இல்லை, வேறொருவர் ஆய்வுக்கு ஒரு மேற்கோள் இல்லை. மேற்கோள் எரிதம் (தன் தாளைப் பரப்புவதற்காகவே மேற்கோள் திணிப்பது) என்று முடிவு செய்ய அவருக்கு அரை நிமிடம் போதும். அரிமானம் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதல் சொந்த ஆய்வை மேற்கோள் காட்டுவதைத் தடை செய்யவில்லை. பொருத்தமாக இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும், படர்க்கையில் எழுத வேண்டும், உங்கள் வேலைக்கு அதன் தகுதிக்கு மீறிய இடம் தரக் கூடாது, ஐயம் வந்தால் மற்றவர்களின் முடிவுக்கு விட்டுவிட வேண்டும். இவைதான் நிபந்தனைகள். 'அளவோடு' என்பதை எண்ணால் வரையறுக்கவில்லை. என் கணக்கு: ஒரு கட்டுரையில் உங்கள் தாள் ஒன்று, அதைச் சுற்றி மற்றவர்களின் தாள்கள் குறைந்தது நான்கைந்து.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. புதிதாக வந்த ஒற்றை ஆய்வுத்தாள் முதல்நிலை ஆதாரம், அதாவது ஆய்வு செய்தவரே எழுதியது. கலைக்களஞ்சியம் தேடுவது, பலரின் தாள்களைத் தொகுத்து எடைபோடும் மீள்பார்வைக் கட்டுரை, பாடநூல் போன்ற இரண்டாம் நிலை ஆதாரத்தை. மருத்துவக் கட்டுரைகளில் இது இன்னும் கறார்: முறையான மீள்பார்வைகள், மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள், அவையும் கூடியவரை கடந்த ஐந்து ஆண்டுக்குள் வந்தவையாக வேண்டும். ஆகவே உங்கள் தாளை முன்பின் தெரியாத ஒருவர் சேர்த்திருந்தாலும் அது நீக்கப்பட்டிருக்கலாம். நீக்கியவரின் தொகுத்தல் சுருக்கத்தை (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் சிறு குறிப்பு) திரும்பப் படியுங்கள். காரணம் நலமுரணா, முதல்நிலை ஆதாரமா, இரண்டுமா என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரு துறையில் ஊறியவர் மேல் நலமுரண் சந்தேகம் மூன்று வழியில் வரும். பணம், பெயர், நம்பிக்கை.

பணத்துக்குத்தான் விதி தெளிவாக இருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் 2014 ஜூனில் ஒரு திருத்தம் வந்தது. தொகுப்பதற்காக ஊதியம் வாங்குபவர் தன் முதலாளி, வாடிக்கையாளர், சார்பு ஆகியவற்றைப் பயனர் பக்கத்திலோ, பேச்சுப் பக்கத்திலோ, தொகுத்தல் சுருக்கத்திலோ அறிவிக்க வேண்டும். அப்படியானால் சம்பளம் வாங்கும் பேராசிரியர் எல்லாரும் அறிவிக்க வேண்டுமா? வேண்டாம். கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, பொதுவாகத் தன் துறை பற்றி எழுதுபவர் இந்த விதிக்குள் வரமாட்டார். பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிய கட்டுரையை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தால் வருவார். இடைநிலை ஒன்று இருக்கிறது: பூச்சு தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்துகொண்டு, அந்த வகைப் பூச்சு பற்றிய கட்டுரையைத் தொகுப்பது. தொகுப்பதற்கென்று காசு வாங்கவில்லை என்பதால் அந்தக் கட்டாய விதி பிடிக்காது. ஆனால் இது முழுமையான நலமுரண். அறிவித்துவிட்டு, கட்டுரையைத் தொடாமல் அதன் உரையாடல் பக்கத்தில் பேசுவதே முறை.

பெயரால் வரும் முரணைத்தான் அறிஞர்கள் பலர் முரணாகவே பார்ப்பதில்லை. சொந்தத் தாள், சொந்த வாழ்க்கை வரலாறு என்றால் உடனே புரிந்துவிடும். தன் மாணவரின் தாள், தன் நெறியாளரின் வரலாறு, தான் பதிப்பாசிரியராக இருக்கும் இதழ், தான் அமைத்த கருத்தரங்கு? இவையும் அதில் அடக்கம். எல்லாவற்றிலும் மோசமானது எதிர்த்திசையில் நடப்பது: போட்டிக் குழுவின் கோட்பாடு பற்றிய கட்டுரையில் 'விமரிசனங்கள்' என்று தனிப்பிரிவு திறந்து மூன்று பத்தி எழுதுவது. தன் பெயர் எங்கும் வராததால் எழுதுபவருக்கு உறுத்தாது. ஆனால் அந்தக் கோட்பாடு வீழ்ந்தால் யாருக்கு லாபம் என்று துறையில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவதான நம்பிக்கை நலமுரண் ஆகாது. ஒரு கருத்தில் உறுதியாக இருப்பது சார்பு. அதை நடுநிலை நோக்குக் கொள்கை பார்த்துக்கொள்ளும். 'நீ அரிமான ஆய்வாளன், ஆகவே அரிமானம் பற்றி எழுத உனக்கு நலமுரண்' என்று யாராவது சொன்னால் அது தவறு. வழிகாட்டுதலே அப்படிச் சொல்லவில்லை என்று அதே பக்கத்தை எடுத்துக்காட்டுங்கள்.

தன்னார்வலர்கள் இவ்வளவு சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. 2013இல், காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக்கொடுத்த விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான கைப்பாவைக் கணக்குகள் (ஒருவரே பல பெயரில் நடத்தும் கணக்குகள்) தடை செய்யப்பட்டன. 2015இல் ஆரஞ்ச்மூடி என்ற கணக்கின் பெயரால் அறியப்பட்ட, இதே போன்ற விவகாரத்தில் 381 கணக்குகள். பட்டத்தை நம்பாததற்கும் காரணம் உண்டு. இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு உயர் பொறுப்புகள் வரை சென்ற எஸ்ஜே என்ற பயனர் 24 வயதுக்காரர், அந்தப் பட்டங்கள் எதுவும் இல்லாதவர் என்பது 2007இல் வெளிவந்தது. 'நான் முனைவர்' என்பது அங்கே வாதமாக எடுபடாது. பக்க எண்ணோடு ஓர் ஆதாரம் எடுபடும்.

அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2012இல் விக்கிப்பீடியாவை ஆதரிக்கும் பிரிட்டன் அமைப்பான விக்கிமீடியா யுகேயின் அறங்காவலர் ஒருவர் ஜிப்ரால்டர் அரசுக்கு ஊதியம் பெறும் ஆலோசகராகவும் இருந்தார். ஜிப்ரால்டர் பற்றிய கட்டுரைகள் முதற்பக்கத்தின் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதியில் அடிக்கடி வந்தன. அவர் தன் தொடர்பை அமைப்புக்குச் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் பதவி விலக வேண்டியதாயிற்று. சொல்வது ஒன்று, முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலகி நிற்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கணக்கின் பெயர் ஒரு தனி ஆளுடையதாக இருக்கட்டும். ஆய்வகம், துறை, நிறுவனம் ஆகியவற்றின் பெயரில் திறந்தால் பெயருக்காகவே தடை விழும். பயனர் பக்கத்தில் மூன்று வரி போதும்: என்ன துறை, எந்த வகை நிறுவனத்தில் வேலை, எந்தெந்தக் கட்டுரைகளில் உங்களுக்கு நேரடித் தொடர்பு. உண்மைப் பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்லாத பெயரை மற்றவர் தோண்டி வெளியிடுவது அங்கே விதிமீறல். ஆனால் சொந்தத் தாளைப் பற்றிப் பேசும்போது 'இதன் ஆசிரியர்களில் நானும் ஒருவன்' என்று சொல்லியாக வேண்டும். பட்டங்கள், விருதுகள், வெளியீட்டுப் பட்டியல் வேண்டாம். அவை சந்தேகத்தைக் கூட்டும்.

அடுத்து, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் புதுத் தலைப்பு திறந்து, நலமுரண் தொகுப்புக் கோரிக்கைக்கான வார்ப்புருவை (ஆயத்தக் குறியீடு) இடுங்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'எடிட் சிஓஐ' (Edit COI). இட்டவுடன் கோரிக்கை காத்திருப்போர் வரிசைக்குப் போய்விடும். கோரிக்கை இப்படி இருந்தால் எடுத்துச் செய்வார்கள்:

"இரண்டாம் பிரிவு, முதல் பத்தி, மூன்றாம் வாக்கியம். இப்போது இருப்பது: [அப்படியே ஒட்டவும்]. மாற்ற வேண்டியது: [முழு வாக்கியம்]. காரணம்: இப்போதுள்ள வாக்கியம் குழி அரிமானத்தையும் இடுக்கு அரிமானத்தையும் ஒன்றாக்குகிறது. ஆதாரம்: இன்ன மீள்பார்வைக் கட்டுரை, ஆண்டு, பக்கம்; தொடர்புள்ள இரண்டு வாக்கியங்கள் மேற்கோளாக. என் தொடர்பு: அந்த மீள்பார்வை எடுத்துக்காட்டும் தாள்களில் ஒன்றின் இணையாசிரியர்."

ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம்தான் கேட்க வேண்டும். 'பிரிவு முழுவதும் தவறு, கீழே உள்ளதைப் போடுங்கள்' என்று ஆயிரம் சொல் ஒட்டினால் யாரும் தொடமாட்டார்கள். அதைச் சரிபார்க்க ஒரு தன்னார்வலருக்கு ஒரு வாரம் ஆகும். கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ள தாள் என்றால் அந்த இரண்டு வாக்கிய மேற்கோள் மிக முக்கியம், ஏனென்றால் படிப்பவருக்கு அந்த இதழைத் திறக்க வழியில்லாமல் இருக்கலாம். விக்கிப்பீடியா நூலகம் வழியாகச் சந்தா இதழ்களைப் படிக்கக் கணக்குக்கு 6 மாத வயது, மொத்தம் 500 தொகுப்புகள், கடந்த மாதத்தில் 10 தொகுப்புகள் வேண்டும். கணக்கின் மேல் தடை இருக்கக் கூடாது. தொடர்ந்து எழுதினால் அது உங்களுக்கும் கிடைக்கும்.

கேட்காமல் நேராகச் செய்யக்கூடியவையும் உண்டு: எழுத்துப்பிழை, அப்பட்டமான விசமத் தொகுப்பு, உயிரோடிருப்பவர் மீது ஆதாரமில்லாமல் எழுதப்பட்ட அவதூறு, நீங்களே செய்த நலமுரண் தொகுப்பைத் திரும்பப் பெறுவது.

செய்யவே கூடாதவை சில. நீக்கியதைத் திரும்பத் திரும்பச் சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். இரண்டாவது முறையிலேயே உங்கள் பெயர் கெட்டுவிடும். மாணவர்களைக் கணக்குத் திறக்கச் சொல்லி ஆதரவாக எழுத வைக்காதீர்கள். அதைக் கைப்பாவைக்குச் சமமாகத்தான் நடத்துவார்கள், மாட்டுவது மாணவர்கள். உங்கள் தாளிலிருந்தே பத்திகளை ஒட்டாதீர்கள். எழுதியது நீங்கள்தான், ஆனால் உரிமம் பெரும்பாலும் பதிப்பகத்திடம் இருக்கும். பதிப்புரிமை மீறல் என்று நீக்கப்படும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் நிபுணர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. 1886இல் சிகாகோவில் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்த ஹேமார்க்கெட் வழக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வரலாற்றுப் பேராசிரியர் திமதி மெசர்-குரூஸ், அது பற்றிய கட்டுரையில் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டுவெடிப்போடு தொடர்புபடுத்த அரசுத் தரப்பு சான்றே காட்டவில்லை என்ற வாக்கியத்தை வழக்கு ஆவணங்களைக் காட்டித் திருத்தப் பார்த்தார். முதல்நிலை ஆதாரம் கூடாது, நூலாக வரட்டும் என்றார்கள். நூல் வந்த பின் மறுபடி முயன்றார். பெரும்பான்மை நூல்கள் வேறு சொல்கின்றன, சிறுபான்மைக் கருத்துக்கு மிகை எடை தர முடியாது என்றார்கள். 2012இல் அவர் இதை எழுதி வெளியிட்ட பிறகு பெரிய விவாதம் நடந்து கட்டுரை மாறியது. இதில் எனக்குக் கோபம் உண்டு. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த விதியைத் தளர்த்தினால் அதே வாசல் வழியாகப் போலி மருத்துவக்காரர்களும் 'நான்தான் ஆராய்ந்தேன்' என்று நுழைவார்கள். அதனால் விதியின் பக்கம்தான் நிற்கிறேன். விதியைச் சொன்ன தொனியின் பக்கம் நிற்கவில்லை.

தொனி என்றதும் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்படையாகத் தொடர்பை அறிவிப்பவரின் ஒவ்வொரு தொகுப்பையும் நோண்டுகிறார்கள். ஐந்து பெயரில் ஒளிந்து எழுதுபவர் ஆண்டுக்கணக்கில் தப்பிக்கிறார். அறிவிப்பது அறிவிப்பவருக்கே தண்டனையாக முடிந்தால் யார் அறிவிப்பார்?

இதைவிடப் பெரிய குறை பல்கலைக்கழகங்கள் மேல். பதவி உயர்வுக்குத் தாள்களை எண்ணுகிறார்கள், மேற்கோள்களை எண்ணுகிறார்கள். லட்சம் பேர் படிக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரையைச் சீர்செய்த ஆறு மாத உழைப்பைப் பெரும்பாலான இடங்களில் ஒரு வரியாகக்கூடச் சேர்ப்பதில்லை. பிறகு அறிஞர்கள் தங்கள் மேற்கோளை மட்டும் நட்டுவிட்டுப் போவதில் வியப்பென்ன? வேறு வழியும் இருக்கிறது. 'ஆர்என்ஏ பயாலஜி' இதழ் 2008இல், ஆர்என்ஏ குடும்பங்கள் பற்றித் தாள் எழுதுவோர் அதே பொருளில் விக்கிப்பீடியாக் கட்டுரை வரைவும் தர வேண்டும் என்று கேட்டது; வரைவையும் மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள். 'பிளாஸ் கம்ப்யூடேஷனல் பயாலஜி' 2012இல் தலைப்புப் பக்கங்களைத் தொடங்கியது: மதிப்பீட்டைக் கடந்த கட்டுரை இதழிலும் வரும், விக்கிப்பீடியாவிலும் சேரும். எழுதியவருக்குப் பெயர் கிடைக்கிறது, அவர் தன்னைத் தூக்கிப் பிடித்தால் தடுக்க வேறொரு கண் இருக்கிறது.

உங்கள் மூன்று கட்டுரைகளுக்கு வருகிறேன். எச்சரிக்கை வைத்தவருக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள்: 'ஆம், அவை என் தாள்கள், இனி உரையாடல் பக்கத்தில் கேட்கிறேன்.' மூன்று மேற்கோள்களில் எது இல்லாவிட்டால் வாசகருக்கு உண்மையில் ஒரு செய்தி குறையும் என்று பாருங்கள். அதற்கு மட்டும் கோரிக்கை வையுங்கள், மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். வரிசை நீளமானது, பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் உங்கள் பெயர் சம்பந்தப்படாத அரிமானக் கட்டுரைகளில் இருபது முப்பது திருத்தங்கள் செய்யுங்கள்: தவறான வேதிச் சமன்பாடு, காலாவதியான தர எண், ஆதாரமில்லாத வாக்கியத்துக்கு ஒரு பாடநூல் பக்கம். உங்கள் கோரிக்கையை எடுப்பவரும் முதலில் அதே பங்களிப்புப் பட்டியலைத்தான் திறப்பார். மறுத்தால் என்ன ஆதாரம் இருந்தால் ஏற்பீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். அது கிடைத்ததும், பழைய இழைக்கு இணைப்புக் கொடுத்துப் புதுக் கோரிக்கை வையுங்கள்.