போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் மீட்பு பாதியில் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கிற டேட்டா டிரெக்டரியை அழித்துவிடாதீர்கள். பேஸ் பேக்கப்பை, அதாவது டேட்டாபேஸின் முழுக் கொப்பியை, போட்டு முடித்து, அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களைப் பதிந்த வோல் கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்வர் நின்றுபோனது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிலை என்றால் திரும்ப ஸ்டார்ட் செய்தாலே போதும், விட்ட இடத்துக்குக் கிட்டவிருந்து தானாகத் தொடரும். ஆனால் ஸ்டார்ட் செய்வதற்கு முதல் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கீழே சொல்லியிருக்கிறேன், அதை வாசிக்காமல் கை வைக்காதீர்கள்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. ஒரு பக்கம் முகாமையாளர் "எப்ப சரிவரும்?" என்று கேட்டபடி நிற்பார். இன்னொரு பக்கம் யாரோ போனில் "அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க" என்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது, அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

2022 பங்குனிக் கடைசி. மின்வெட்டு நாளுக்கு 10 மணித்தியாலம், 13 மணித்தியாலம் என்று போன காலம். திருகோணமலை நகரத்தில் ஒரு சிக்கன கடனுதவிச் சங்கத்தின் கணினி வேலைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கத்தவர்களில் மீன்பிடிக்குப் போகிறவர்கள், சில்லறை வியாபாரிகள், கிண்ணியா, மூதூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. அந்த வருடம் நோன்பும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே மாதத்தில் வந்தன. சேமிப்பை எடுக்கச் சனம் வரிசையாக வருகிற நேரம். அந்த நேரம் பார்த்து சேர்வரின் டிஸ்க் போய்விட்டது. கரண்ட் திரும்பத் திரும்பப் போய் வந்ததில்தான் போனது என்று நினைக்கிறேன்.

பேக்கப் ஒழுங்காக இருந்தது. வாரத்துக்கொரு பேஸ் பேக்கப், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்த 16 எம்பி வோல் கோப்புகள் ஒரு வெளி டிஸ்க்கில். வேறொரு கணினியில் பேஸ் பேக்கப்பைப் போட்டேன். பழைய கணினி, மெதுவான யூஎஸ்பி, இரவின் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. பிறகு மீட்பைத் தொடங்கச் சொல்லும் ரெக்கவரி.சிக்னல் கோப்பை வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஆவணத்திலிருந்து (வோல் கோப்புகளைச் சேர்த்துவைத்த இடம்) இந்தக் கோப்பு எடுக்கப்பட்டது, அடுத்தது எடுக்கப்பட்டது என்று சேர்வரின் லொக்கில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. பாதி தாண்டியிருக்கும். ஜெனரேட்டரில் டீசல் முடிந்தது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்தியது, பிறகு எல்லாம் இருட்டு.

கரண்ட் வந்ததும் மென்பொருள் தந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு எடுத்தேன். "அண்ணா, நடுவுல நின்டா எல்லாம் கொரப்ட் ஆகியிருக்கும். டிரெக்டரிய டிலீட் பண்ணிட்டு முதல்ல இருந்து போடுங்க" என்றார் அந்தப் பக்கத்திலிருந்தவர். நான் யோசிக்கவும், "இல்லாட்டி பிஜி_ரீசெட்வோல் ஓட்டுங்க, உடனே திறக்கும்" என்றார். பொருளாளர் ஐயா பக்கத்தில் நின்று, "தம்பி, காலையில சனம் வந்து நிக்கும், என்ன சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை.

நான் இரண்டையும் செய்யவில்லை. காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதே இரண்டு ஆலோசனைதான் கிடைத்திருக்கும்.

வோல் கோப்புகளை ஓட்டும்போது போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாக எழுதுவதில்லை. வோலுக்குள் செக்பொயின்ட் பதிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து போகும்போது, அதுவரை செய்ததை இடையிடையே டிஸ்க்கில் எழுதி முடித்து, "இதற்கு முந்தியதை இனிப் பார்க்கத் தேவையில்லை" என்று பிஜி_கொன்ட்ரோல் கோப்பில் குறித்துக்கொள்ளும். இதற்கு ரீஸ்டார்ட்பொயின்ட் என்று பெயர். கரண்ட் போனால் இழப்பது கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து நின்ற இடம் வரைக்குமான வேலையை மட்டும்தான். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ கையேடும் இதையே சொல்கிறது: மின்சாரம் போனது, ஆவண டிஸ்க் எட்டாமல் போனது போன்ற வெளிக் காரணத்தால் மீட்பு நின்றால், சேர்வரைத் திரும்பத் தொடக்கினால் போதும்.

பிஜி_ரீசெட்வோல் அப்படியல்ல. அது வோலைத் தூக்கி எறிந்துவிட்டு டேட்டாபேஸைத் திறக்கவைக்கும். திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில பக்கங்கள் புதிய நிலையிலும் சில பழைய நிலையிலும் கிடக்கிற டேட்டாபேஸ் அது. கடன் கணக்கில் பணம் கட்டியதாக இருக்கும், சேமிப்புக் கணக்கில் கழிந்திருக்காது. வோல் கையில் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. மீட்பை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பேக்கப்_லேபிள் கோப்பைக் கையால் அழிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதே நாசம்தான். மீட்பு சரியாகத் தொடங்கியிருந்தால் போஸ்ட்கிரெஸே அதன் பெயரை மாற்றி வைத்திருக்கும்.

இப்போது முதலில் சொன்ன அந்த ஒன்று. ஸ்டார்ட் செய்வதற்கு முதல், வோல் ஆவணம் இருக்கிற டிஸ்க் உண்மையில் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது கணினியோடு இணைந்து திறந்திருக்கிறதா, என்று பாருங்கள். அன்று எனக்கு ஆகியிருக்கவில்லை. கணினி எழும்பியது, வெளி டிஸ்க் எழும்பவில்லை. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் என்ன நடக்கும்? ஆவணத்திலிருந்து கோப்பெடுக்கும் கட்டளையான ரீஸ்டோர்_கொமாண்ட், அடுத்த வோல் கோப்பைத் தேடும், கிடைக்காது, தோல்வி என்று சொல்லும். போஸ்ட்கிரெஸுக்கு அது "ஆவணம் இத்தோடு முடிந்தது" என்ற செய்தி. எந்த நேரம் வரை மீட்க வேண்டும் என்று நீங்கள் இலக்கு வைக்காவிட்டால், அந்த இடத்தோடு மீட்பை முடித்து, புதிய டைம்லைனில் (புதிய வரலாற்றுக் கிளையில்) டேட்டாபேஸைத் திறந்துவிடும். திறப்பதைத் தடுக்கிற பிழை எதுவும் வராமல் போகலாம். சில நாள் கணக்கு இல்லாமல் போயிருக்கும், அதற்கு மேல் புதிய பதிவுகள் விழத் தொடங்கும். அப்படித் திறந்துவிட்டால்தான் பேஸ் பேக்கப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டிவரும். இலக்கு வைத்திருந்தால், பதிப்பு 13 முதல், இலக்கை எட்டவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது.

இதற்காகவே நான் ரீஸ்டோர்_கொமாண்டில் வெறும் கொப்பிக் கட்டளையை வைப்பதில்லை. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைப்பேன். ஆவண டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்றால் அது 125-க்கு மேற்பட்ட எண்ணோடு வெளியேறும். அப்படி வெளியேறினால் போஸ்ட்கிரெஸ் அதை "ஆவணம் முடிந்தது" என்று எடுக்காது, மீட்பையே நிறுத்திவிடும். அன்று அது இருந்தது. இருந்தும் கண்ணால் பார்த்து, டிஸ்க்கை மவுண்ட் செய்து, ரெக்கவரி.சிக்னல் இன்னும் அங்கேயே இருப்பதை உறுதிசெய்த பிறகுதான் ஸ்டார்ட் கொடுத்தேன்.

ஸ்டார்ட் கொடுத்ததும் லொக்கில் ஒரு வரி வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மீட்பின் நடுவே டேட்டாபேஸ் தடைப்பட்டது, இது ஒரு முறைக்கு மேல் நடந்திருந்தால் தரவு கெட்டிருக்கலாம், முந்திய ஓர் இலக்கைத் தெரிவுசெய்ய வேண்டிவரலாம் என்று சொல்லும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால்தான் அது கவலைக்குரியது. அப்படியானால் அந்த வோல் கோப்பே பழுதாக இருக்கலாம், அப்போது பேஸ் பேக்கப்பிலிருந்து தொடங்கி, பழுதான இடத்துக்கு முந்திய நேரத்தை இலக்காக வைக்க வேண்டும். கரண்ட் போனதால் நின்றதற்கு அந்த எச்சரிக்கை வெறும் தகவல்தான். எனக்கு அந்த வரிக்குப் பிறகு கோப்புகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. சனம் வர முதலே டேட்டாபேஸ் திறந்தது. கணக்காளர் அக்கா நாள்முடிவுச் சுருக்கத்தை ஒவ்வொரு நாளும் அச்செடுத்து வைக்கிறவர். அந்தத் தாளோடு மொத்தங்களை ஒப்பிட்டோம். சதம் பிசகவில்லை.

"பாதுகாப்புக்கு முதலிலிருந்து செய்வதுதான் நல்லது" என்று கருத்தில் யாராவது எழுதுவார்கள். நேரமும் இன்னொரு டிஸ்க்கும் இருந்தால் செய்யுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் இருப்பதை அழித்துவிட்டுச் செய்யாதீர்கள், பக்கத்தில் செய்யுங்கள். பேஸ் பேக்கப் கொப்பியாகும்போதே நின்றிருந்தால் நான் சொன்னது பொருந்தாது, அந்தக் கொப்பியை முழுதாக முடிக்கத்தான் வேண்டும். மீட்பு ஏற்கனவே கடந்துபோன நேரத்துக்கு முந்தியதை இலக்காக மாற்ற நினைத்தாலும் பொருந்தாது, வோல் பின்னோக்கி ஓடாது. 2019-இல் வந்த பதிப்பு 12-க்கு முந்தியது என்றால் ரெக்கவரி.சிக்னலுக்குப் பதில் ரெக்கவரி.கொன்ஃப் இருக்கும். வேறு டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர் என்றால், நின்ற இடத்திலிருந்து தொடர ரீஸ்டோர் கட்டளையில் 'வித் ரீஸ்டார்ட்' என்ற தெரிவு இருக்கிறது. ஒராக்கிளில் அதன் பேக்கப் கருவியான ஆர்மேனின் மீட்புக் கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் சரியாக மீண்ட கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்க்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அன்று அந்த உதவிக்காரர் கடைசியாகச் சொன்னது, "அங்க திருகோணமலையில இதெல்லாம் தெரிஞ்ச ஆள் கிடைக்காது அண்ணா, கொழும்புக்கு அனுப்புங்க." இதை நான் பல இடத்தில் பல வடிவத்தில் கேட்டிருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து வெளியேறுகிற பிள்ளைகள் ஊரில் வேலை தேடினால் பிரிண்டர் திருத்தவும் கமரா பூட்டவும்தான் கூப்பிடுகிறார்கள். டேட்டாபேஸ் வேலை என்றால் ஒப்பந்தம் கொழும்புக்குப் போகிறது. பிறகு பிள்ளைகளும் போகிறார்கள், அங்கிருந்து வெளிநாடு. சங்கங்களும் கடைகளும் தங்கள் கணக்கு எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று தெரிந்த ஓர் ஆளை ஊரிலேயே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? டிஸ்க்கைப் பெட்டியில் கட்டி இரவு ரயிலில் அனுப்பிவிட்டு, சனத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் புத்தாண்டுக்கு அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். டிஸ்க் மவுண்டைப் பாருங்கள், ரெக்கவரி.சிக்னலைப் பாருங்கள், ஸ்டார்ட் கொடுங்கள். திறந்ததும் டைம்லைன் மாறியிருக்கும், ஆகவே ஆட்களை உள்ளே விட முதல் மொத்தங்களைச் சரிபார்த்து, அன்றைக்கே புதிய பேஸ் பேக்கப் ஒன்று எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் லொக்கின் கடைசி வரிகளையும் ரீஸ்டோர்_கொமாண்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.