பைபாஸுக்குப் பிறகு வரும் வீக்கமும் காய்ச்சலும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து இரண்டாம் நாள். முகம் வீங்கியிருக்கிறது, 100.8 டிகிரி காய்ச்சல். கிருமி ஏறிவிட்டதா சார்?

பதில்: முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சிதான் (கிருமி இல்லாமலே உடல் காட்டும் எதிர்வினை), பயப்படாதீர்கள். ஆபரேஷனில் அவர் ரத்தம் முழுக்க இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினுக்குள் (இதைத்தான் பம்ப் என்போம்) போய் வந்திருக்கிறது. அதன் ஆக்சிஜனேட்டரில் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதி) உள்ள நுண்குழல்களின் பரப்பு மட்டும் ஏறக்குறைய 2 சதுர மீட்டர், ஒரு வாசற்கதவு அளவு. ரத்தம் அந்த பிளாஸ்டிக்கை அந்நியப் பொருளாகவே பார்க்கும். நுண்நாளங்கள் கசிந்து நீர் வெளியே தேங்குவதால்தான் வீக்கம். சில நாளில் சிறுநீரில் இறங்கிவிடும். மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தாலோ, புண்ணில் சீழ் கசிந்தாலோ, இருமும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்று அசைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெர்ஃப்யூஷன் (ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் படிப்பு) படிக்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்த பிறகும் அழற்சி ஏன் கிளம்புகிறது?

பதில்: நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. கிலோவுக்கு 300–400 யூனிட் கொடுத்து ஏ.சி.டி.யை (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 விநாடிக்கு மேல் வைத்தாலும், ஹெபாரின் அடக்குவது முக்கியமாக த்ராம்பினையும் பத்தாம் உறைகாரணியையும்தான். பிளாஸ்டிக் பட்டதும் பன்னிரண்டாம் உறைகாரணி விழிக்கும். அதனால் அழற்சியைத் தூண்டும் கல்லிக்ரீன், பிராடிகைனின் வரும். கூடவே காம்ப்ளிமென்ட் என்ற ரத்தத் தற்காப்புப் புரதங்களின் சி3ஏ, சி5ஏ துண்டுகள் கிளம்பி நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்களை உசுப்பும். மகாதமனியை அடைத்திருக்கும் கிளாம்பை எடுத்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும்போது அடுத்த அலை. கடைசியில் ஹெபாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் ஹெபாரினோடு சேர்ந்து காம்ப்ளிமென்ட்டை இன்னொரு முறை தூண்டும்.

கேள்வி: ஸ்டீராய்டு போட்டு அடக்கிவிடலாமே?

பதில்: காகிதத்தில் நன்றாக இருக்கும். 2015-இல் வெளியான சர்ஸ் (SIRS) ஆய்வில் 7,507 பேர். பாதிப் பேருக்கு மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு 250 மி.கி. இரண்டு முறை. மரணம் குறையவில்லை. பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம்.

கேள்வி: பம்ப் இல்லாமல் செய்தால்?

பதில்: அழற்சி ஓரளவு குறையும், ஆனால் நெஞ்சைப் பிளப்பதே அழற்சியைத் தூண்டும். 4,752 பேரை வைத்து நடந்த கரோனரி (CORONARY) என்ற ஆய்வில் (2012) 30 நாளில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் வித்தியாசமில்லை.

கேள்வி: பம்ப் ஓட்டுகிறவர் கையில் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய. நெஞ்சுக்குழியில் தேங்கி உறிஞ்சப்படும் ரத்தம்தான் மோசமானது. கொழுப்பும் திசுக் காரணியும் கலந்தது. அதை அப்படியே மெஷினின் ரிசர்வாயருக்கு (ரத்தத் தொட்டி) விடாமல் செல் சேவர் என்ற கருவியில் கழுவுங்கள். கழுவினால் தட்டணுக்களும் உறைகாரணிகளும் போய்விடும், அதிகம் கழுவினால் ரத்தக்கசிவைக் கவனியுங்கள். டியூபைக் குறுக்கி பிரைம் (மெஷினை முதலில் நிரப்பும் திரவம்) அளவைக் குறையுங்கள். சூடேற்றும்போது ஆக்சிஜனேட்டரிலிருந்து வெளியேறும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கேள்வி: ஐ.சி.யு. நர்ஸ். கை கால் கதகதப்பாக இருக்கிறது, பி.பி. மட்டும் 75. ஏன்?

பதில்: நாளங்கள் தளர்ந்துபோயிருக்கலாம், அதாவது வாசோபிளீஜியா. அதற்கு முன் ரத்தக்கசிவோ டாம்பொனேடோ (இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அழுத்துவது) இல்லை என்று எக்கோவில் உறுதி செய்ய வேண்டும். முதலில் நாளத்தைச் சுருக்கும் நார்அட்ரினலின், அடுத்து வாசோபிரெசின். அதற்கும் மசியாவிட்டால் டாக்டர் மெத்திலீன் ப்ளூ கிலோவுக்கு 1.5–2 மி.கி. எழுதலாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடாது, எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவரா என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். மருந்து ஏறியதும் விரல் கிளிப்பில் ஆக்சிஜன் அளவு பொய்யாக இறங்கும், ஏ.பி.ஜி. (தமனி ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். யூரின் பை பச்சை நீலமாக மாறும். வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.