பழைய காரின் உடைந்த டிரிம் பாகத்தை வீட்டிலேயே வார்த்து எடுக்க முடியுமா?

கேள்வி: பழைய மாருதி 800, கான்டெஸா போன்ற கார்களுக்கு டாஷ்போர்டு பெசல் (மீட்டர், சுவிட்சுகளைச் சுற்றியிருக்கும் சட்டம்), ஏசி வென்ட் சட்டம், குமிழ் மாதிரியான பிளாஸ்டிக் சாமான்கள் கடையில் கிடைப்பதில்லை. ரெசினிலோ 3டி பிரிண்டிலோ வீட்டில் செய்தால் தாங்குமா? எதில் செய்வது, எப்படி?

பதில்:

தாங்கும். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சூட்டைப் பாருங்கள், வலிமையெல்லாம் அதற்கு அப்புறம். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காருக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 3டி பிரிண்டர் உருக்கி அடுக்கும் பிளாஸ்டிக் இழைகளில் பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பிஇடிஜி 80 வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் கிளிப்பின் இழுவிசையில் அதற்கு முன்பே மெல்ல வளையும். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் 100 டிகிரியை ஒட்டி இளகுபவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், பத்து நிமிடத்தில் இறுகும் பாலியூரித்தேன் ரெசின்கள் பலவும் 50-60 டிகிரியில் தளர்ந்துவிடும். "வீட்டில் செய்தது ஒரே கோடையில் கோணிப்போச்சு" என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

எனவே ரெசின் வாங்கும்போது அதன் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஹீட் டிஃப்ளெக்‌ஷன் டெம்பரேச்சர் (சுமை இருக்கும்போது பொருள் வளையத் தொடங்கும் வெப்பநிலை) என்று ஒரு வரி இருக்கும். டாஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு 90 டிகிரிக்கு மேல், கதவுப் பக்கம், சீட்டுக்குக் கீழ், கியர் கன்சோல் ஆகியவற்றுக்கு 70-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த வரியே இல்லாத ரெசினை காருக்கு வாங்க வேண்டாம்.

அடுத்து, வார்ப்பதா பிரிண்ட் எடுப்பதா? உடைந்ததாவது ஒரு அசல் பாகம் கையில் இருந்தால் வார்ப்புதான் என் தேர்வு, அதாவது சிலிகான் ரப்பரில் அச்செடுத்து அதில் ரெசின் ஊற்றுவது. காரணம், மேற்பரப்பின் தோல் வரி (தோலைப்போலத் தெரியும் நுண்ணிய கோடுகள்). சிலிகான் ரப்பர் அந்த வரியை அப்படியே பிடித்துக்கொள்ளும். பிரிண்டில் அதைக் கொண்டுவருவது பெரும்பாடு. அசலே இல்லையென்றால் பிரிண்டைத் தவிர வேறு வழியில்லை.

முதல் வேலை அசலைத் தயார் செய்வது. பாகத்தின் பின்புறம் அம்புக்குறிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக்கின் பெயர் பொறித்திருக்கும். இல்லாவிட்டால் உடைந்த ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் வகை. மூழ்கினால் முடிவாக எதுவும் சொல்ல முடியாது, ஏனெனில் டால்க் கலந்த பாலிப்ரொப்பிலீனும் மூழ்கும். ஏபிஎஸ் என்றால் அதே பிளாஸ்டிக்கின் துருவலை அசிட்டோனில் கரைத்து, கூழாக்கி, விரிசலில் தடவலாம். பற்று வைத்ததுபோலச் சேர்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீனில் எந்தக் கோந்தும் சரியாகப் பிடிக்காது, ஆனால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அச்சு எடுக்கும் மாதிரிக்கு வடிவம் சரியாக இருந்தால் போதும், வலு வேண்டாம். பின்புறம் ஹாட் குளூ வைத்து நிறுத்திவிட்டு, காணாமல் போன மூலைகளை எம்-சீலில் கட்டி, 320, பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் இழைத்துக்கொள்ளுங்கள்.

இழைத்த இடத்தில் தோல் வரி போயிருக்கும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வரி நன்றாக இருக்கும் பகுதியில் 2 மி.மீ. கனத்துக்குக் கொஞ்சம் சிலிகான் ஊற்றி, இறுகியதும் உரித்தெடுங்கள். பழுது பார்த்த இடத்தில் மெல்லிசாக எபாக்சி பட்டி தடவி, அந்தச் சிலிகான் தோலை அதன்மேல் அழுத்தி வைத்து, பட்டி காய்ந்ததும் உரித்தால் வரி திரும்பக் கிடைக்கும்.

வெயிலில் கோணிய பாகத்தை அப்படியே அச்செடுத்தால் கோணலும் சேர்ந்து வரும். கொதிக்கும் நீரில் சில நிமிடம் வைத்து, தட்டையான பலகையில் கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறிய பிறகே எடுங்கள்.

இறுக வைக்கும் வினையூக்கியைப் பொறுத்து சிலிகானில் இரண்டு வகை. டின் வகை மலிவு, எதன்மேலும் இறுகும், ஆனால் நாளாவட்டத்தில் சுருங்கும். அரை சதவீதச் சுருக்கம் என்றால் 120 மி.மீ. நீளப் பெசலில் 0.6 மி.மீ. போய்விடும், கிளிப் துளையில் உட்காராது. பிளாட்டினம் வகையில் சுருக்கம் பெயரளவுக்குத்தான், விலை அதிகம். குமிழுக்கு டின் போதும். ஏற்கெனவே உள்ள ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்த வேண்டியதற்குப் பிளாட்டினமே சரி. ஆனால் பிளாட்டினம் வகைக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, சரியாகக் காயாத 3டி பிரிண்டர் ரெசின் இவற்றில் ஏதாவது பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். மாதிரியின் ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு மொத்தமாக ஊற்றுங்கள்.

அச்சை இரண்டு பாதிகளாக எடுக்க வேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு. பெசல் 120 × 70 × 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 12 மி.மீ. சிலிகான் வேண்டும். சிலிகான் ஊற்றும் பெட்டியின் உள்ளளவு 145 × 95 × 50 மி.மீ., கொள்ளளவு சுமார் 690 மி.லி. பெசலின் கன அளவு 40 மி.லி.யைக் கழித்தால் 650. சிலிகானின் அடர்த்தி 1.15 அளவில் இருப்பதால் இரு பாதிகளுக்கும் சேர்த்து 750 கிராம். பெசலின் கன அளவைத் தெரிந்துகொள்ள அதை அளவு ஜாடித் தண்ணீரில் முக்கி, நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ரெசின் கணக்குக்கும் இதே எண்தான்.

பாகத்தைப் பாதிவரை கந்தகமில்லாத களிமண்ணில் புதைத்து, பிரிகோடு (அச்சின் இரு பாதிகளும் சேரும் கோடு) கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் வருமாறு களிமண்ணை ஒழுங்குபடுத்துங்கள். களிமண்ணில் ஆங்காங்கே சின்னக் குழிகள் போட்டால், இரண்டு பாதிகளும் நகராமல் கவ்விக்கொள்ளும். சிலிகானை ஒரே மூலையில், மெல்லிய நூலாக ஊற்றுங்கள். முதல் பாதி இறுகியதும் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிகான் பரப்பு முழுக்க வாசலின் பூசிய பிறகே இரண்டாம் பாதியை ஊற்ற வேண்டும். இதில் ஓர் அங்குலம் விட்டுப்போனாலும் இரண்டு பாதிகளும் ஒரே கட்டியாகிவிடும். சிலிகான் சிலிகானோடு அவ்வளவு உறுதியாக ஒட்டும்.

ஊற்றுவாயை அச்சின் ஒரு முனையில் வைத்து, அச்சைச் சாய்த்து, காற்று எங்கே போய் முட்டுமோ அந்த உச்சிகளிலெல்லாம் 2 மி.மீ. காற்றுத்துளை விடுங்கள். வார்ப்பு கெடுவது பெரும்பாலும் காற்றுப் போக வழியில்லாத மூலையில்தான். ஊற்றுவதற்கு முன் அச்சுக்குள் டால்கம் பவுடர் தூவி, தட்டி உதறிவிட்டால் ரெசின் நுண்ணிய வரிகளுக்குள் எளிதாக ஓடும்.

கடலோர ஊர்க்காரர்கள் ஈரத்தை நினைவில் வையுங்கள். பாலியூரித்தேனின் ஒரு பாகம் ஐசோசயனேட். தண்ணீர் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடு விடும், வார்ப்பு ரஸ்க் மாதிரி பொங்கி வரும். மரக்குச்சியிலும் காகிதக் கப்பிலும் இருக்கும் ஈரமே இதற்குப் போதும். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் குச்சி பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில், கலப்பதற்கு முன் அறையில் ஏசி ஓடவிட்டு ஈரத்தைக் குறைப்பது நல்லது. அச்சை 50 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றி, ஈரம் போன பிறகு ஊற்றுங்கள். திறந்த டப்பாவைச் சேர்த்து வைக்க நினைக்காதீர்கள்.

விகிதம் டப்பாவில் எடைக்கா, கன அளவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். நம் பெசலுக்கு ஊற்றுவாய், கப்பில் ஒட்டுவது எல்லாம் சேர்த்து 65 கிராம். கறுப்பு நிறத்துக்கு யூரித்தேனுக்கென்றே விற்கும் நிறமி ஒரு சதவீதம், நீர்க்கலவை நிறம் கூடாது. கலந்தபின் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால் அச்சைக் கட்டி, சாய்த்து, எல்லாம் தயாராக வைத்த பிறகே கலக்கத் தொடங்குங்கள். கலக்கும்போது கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம். ஐசோசயனேட் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் வாழ்நாள் முழுக்க மூச்சுத்திணறல் துரத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அரை மணியில் கழற்ற முடியும் என்று டப்பா சொன்னாலும் மெல்லிய பெசலை இரண்டு மணி நேரம் அச்சிலேயே விடுங்கள். சீக்கிரம் எடுத்தால் தன் எடையிலேயே வளையும். ஒரு நாள் கழித்து, தட்டையான பலகையில் கட்டி, 65-70 டிகிரியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூடேற்றுங்கள். தாளில் போட்டிருக்கும் வெப்பத் தாங்குதிறன் இந்தச் சூட்டுக்குப் பிறகு கிடைப்பதுதான், இதை விட்டுவிட்டால் 90 டிகிரி ரெசினும் அதற்கு முன்பே தளரும். இதற்குப் பயன்படுத்திய ஓவனில் அப்புறம் சமைக்கக் கூடாது.

கிளிப்புகளை வார்க்காதீர்கள். மெல்லிய ரெசின் கிளிப் முதல் முறை மாட்டும்போதே முறியும். அந்த இடத்தில் சதுரக் கட்டை ஒன்று வார்த்து, எம்3 பித்தளை இன்செர்ட்டை (3 மி.மீ. திருகுக்கான உள்மரை கொண்ட சிறு குழல்) எபாக்சியில் பதித்து, கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் ஸ்டீல் கிளிப்பைத் திருகிவிடுங்கள். குமிழின் தண்டுத்துளையும் இப்படித்தான். அதைச் சுற்றி ஒரு சிறு பித்தளைக் குழாயை வளையமாக இறுக்கிவிட்டால் விரிசல் வராது.

பிரிண்ட் வழியில் போகிறவர்கள் ஏஎஸ்ஏ இழையை எடுங்கள். ஏபிஎஸ்ஸைப் போலவே சூடு தாங்கும், வெயிலில் வெளுப்பதும் நொறுங்குவதும் அதைவிடக் குறைவு. நாசில் (இழை உருகி வரும் முனை) 240-260, பெட் (பாகம் உருவாகும் தட்டு) 100-110 டிகிரி, மூடிய பெட்டி, ஃபேன் மிகக் குறைவாக. பெட்டி திறந்திருந்தால் மூலைகள் எழும்பும். முதலில் 100 மி.மீ. நீளப் பட்டை ஒன்று பிரிண்ட் எடுத்து வெர்னியரில் அளங்கள். 99.4 வந்தால் முழுப் பாகத்தையும் 100.6 சதவீதம் ஆக்குங்கள். கிளிப்பைப் படுக்கவைத்துத் தனியாகப் பிரிண்ட் செய்ய வேண்டும், நிறுத்தி எடுத்தால் அடுக்குக்கு அடுக்கு பிரியும். பிறகு ஃபில்லர் ப்ரைமர், 320, 600, மேட் பெயின்ட். வார்த்த பாகத்துக்கும் பெயின்ட் தேவைதான், ஏனெனில் இந்த ரெசின்களில் பலவும் வெயிலில் மஞ்சளிக்கும்.

ஏர்பேக் மூடியை மட்டும் எந்த முறையிலும் செய்யாதீர்கள். அசல் மூடியில் கிழிவதற்கென்றே மெலிந்த கோடுகள் உண்டு. வீட்டில் செய்த மூடி சிதறி, முகத்தில் பாயும். சிகரெட் லைட்டர், சூடான பல்பை ஒட்டிய பாகங்களும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் அச்சின் இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, உள்ளே ஒரு வார்ப்பை விட்டு, நிழலில் தட்டையாக வையுங்கள். வெறுமையாக வைத்தால் அது தானே நெளிந்து, அடுத்த வார்ப்பும் நெளிந்துதான் வரும்.