கார்டிலிருந்து ஆல்பம் வரை: படங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய கணினியில் இன்னும் பிக்காசா என்ற படத் தொகுப்பு மென்பொருள்தான் ஓடுகிறது. பத்து வருடப் படங்கள், முகங்களுக்கெல்லாம் பெயர் போட்டு வைத்திருக்கிறேன். புதுக் கணினிக்கு மாறினால் அத்தனையும் போய்விடுமா?

பதில்: படங்கள் போகாது, பெயர்கள் போகலாம். 2016 மார்ச்சிலேயே கூகுள் பிக்காசாவைக் கைவிட்டுவிட்டது, அதனால் பழைய கணினி ஓடும்போதே இதை முடித்துவிடுங்கள். கடைசிப் பதிப்பான 3.9-இல், முகப் பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே எக்ஸ்எம்பி (படத்தைப் பற்றிய குறிப்புகளை வைக்கும் ஒரு பொது முறை) தகவலாக எழுதிவிடும் வசதி இருக்கிறது. முதலில் பத்துப் படங்களை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து அதில் செய்து பாருங்கள். அப்புறம் டிஜிகாம் என்ற படத் தொகுப்பு மென்பொருளை நிறுவி அந்த ஃபோல்டரைக் காட்டினால் பெயர்கள் வருகிறதா என்று தெரிந்துவிடும். டிஜிகாம் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இங்கும் ஒரு வேலை பாக்கி: நீங்கள் போடும் பெயரும் குறிப்பும் படத்துக்குள்ளேயே எழுதப்படும்படி செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியில் டிக் செய்துவிடுங்கள். எந்த மென்பொருளும் ஒருநாள் நிற்கும், படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல்தான் உங்கள் பேரன் வரைக்கும் போகும்.

கேள்வி: அண்ணா, கார்டிலிருந்து கட் பண்ணி பேஸ்ட் பண்ணுவேன். 0001 என்ற எண் திரும்பத் திரும்ப வந்து பழைய படத்தின் மேலேயே ஏறிவிடுகிறது.

பதில்: தம்பி, கட் மட்டும் வேண்டவே வேண்டாம். பாதியில் கேபிள் ஆடி என் தங்கை வளைகாப்புப் படங்களில் நாற்பதை நான் இழந்தது அப்படித்தான், இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-க்கு வந்துவிடும், அதனால் எண்ணை நம்பிப் பயனில்லை. டிஜிகாமின் இம்போர்ட் வழியாக இறக்குங்கள், எடுத்த தேதியும் நேரமுமே கோப்பின் பெயராகும்படி அதில் அமைக்கலாம், முன்பே இறக்கிய படம் எது என்பதும் அதற்கு நினைவிருக்கும். இரண்டு இடங்களில் நகல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: கல்யாணப் படங்கள் முழுக்க 2000 ஜனவரி 1 என்று காட்டுகிறது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், மொத்தமாக ஒரே அடியில் நகர்த்தலாம். பேட்டரி தீர்ந்து கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருக்கிறது, ஆனால் படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சரியாகத்தான் இருக்கும். மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் தெரிகிற படம் ஒன்றைத் தேடுங்கள். அதில் முள் 7:40 காட்டி, கோப்பு 2:15 என்றால் 5 மணி 25 நிமிடத்தைக் கூட்ட வேண்டும், நாள் வித்தியாசத்தையும் சேர்த்து. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து டிஜிகாமின் நேரம் திருத்தும் கருவியில் அதைக் கொடுத்தால் போதும். பத்திரிகையில் போட்ட முகூர்த்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தாலி ஏறியது எத்தனை மணிக்கு என்பது வேறு.

கேள்வி: ரா-வில் எடுத்தே ஆக வேண்டுமா அண்ணா? ரா-வைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளைத் திறந்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: ரா என்பது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்திச் சுருக்கியது. வெயிலில் எடுக்கும் படத்துக்கு ஜேபெக் போதும். பின்னால் ஜன்னல் வெளிச்சம், முன்னால் முகம் இருட்டு என்று வரும்போதுதான் ரா கை கொடுக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள், 14 பிட் ரா-வில் 16,384. இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் முகத்தை மேலே இழுக்க அந்தப் படிகள்தான் உதவும். டார்க்டேபிளில் இருக்கும் எல்லா மாட்யூலையும், அதாவது திருத்தக் கருவியையும், தொடத் தேவையில்லை. எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, கிராப், இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) குறைப்பு, இந்த நான்கோடு ஒரு மாதம் பழகுங்கள். அசல் கோப்பில் அது கை வைப்பதே இல்லை, உங்கள் திருத்தமெல்லாம் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று முடியும் சின்னக் கோப்பில் இருக்கும். படத்தை நகர்த்தினால் அதையும் சேர்த்து நகர்த்துங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய படத்தை ஸ்கேன் செய்தேன், முகத்துக்குக் குறுக்கே மடிப்புக் கோடு. எதில் சரிசெய்யலாம்?

பதில்: ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில். ஸ்கேன் அப்படியே இருக்கட்டும், நகலில் வேலை செய்து, ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்-ஆகச் சேமியுங்கள். சட்டை, கன்னம், பின்னணித் திரை எல்லாவற்றுக்கும், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டும் ஹீல் கருவி: கண்ட்ரோலை அழுத்தி நல்ல இடத்தைக் கிளிக் செய்து கோட்டின் மேல் சிறு சிறு புள்ளியாக வையுங்கள். இமை ஓரம், மீசை நுனி வந்தால் ஹீல் ஈஷிவிடும், அங்கே கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோனுக்கு மாறி தூரிகையைச் சிறிதாக்குங்கள். கண்மணியில் கோடு விழுந்திருந்தால் கொஞ்சம் விட்டுவிடுங்கள், வேறு படத்துக் கண்ணைக் கொண்டுவந்து ஒட்டினால் பாட்டி பார்த்தவுடன் இது அவர் இல்லை என்று சொல்லிவிடுவார்.