பட்டறையில் பார்வையாளருக்கு இடமில்லை

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பல்துறை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு பட்டறைகள் நடக்கின்றன. வெவ்வேறு துறையினர் சேர்ந்து ஆய்வு செய்ய இத்தகைய மையங்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா?
– பெயர் வெளியிட விரும்பாத பேராசிரியர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்வியில் 'பட்டறை' என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தச்சுப் பட்டறையையும் கொல்லன் பட்டறையையும் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் என்று ஒருவரும் இல்லை. துருத்தி ஊதும் சிறுவனுக்கும் வேலை உண்டு. இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் அதை அறிந்தவர்கள். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, இரண்டு நாள் உரை கேட்டுச் சான்றிதழோடு ஊர் திரும்பும் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, உழைப்பவரின் சொல்லைப் பறித்துக்கொள்வதாகும் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதினேன். சில பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். என் கருத்திலிருந்து நான் விலகவில்லை.

அந்தச் சொல்லின் பொருள் கெடாமல் நடந்த பல்கலைக்கழக நிறுவனம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ப்ளூமிங்டன் நகரில், இந்தியானா பல்கலைக்கழகத்தில், வின்சென்ட் ஆஸ்ட்ரம், எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசறிவியல் தம்பதியர் 1973இல் அதைத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தச்சர் ஒருவரோடு சேர்ந்து மேசை நாற்காலிகளைத் தங்கள் கையாலேயே செய்து பழகியவர்கள் அவர்கள். தச்சரின் பக்கத்தில் நின்று மரத்தை இழைத்தாலொழிய மரவேலை கைவராது. ஆய்வும் அப்படிப்பட்ட கைத்தொழில்தான் என்று நம்பியதால், மையம் என்றோ கழகம் என்றோ சொல்லாமல் பட்டறை என்றே பெயரிட்டார்கள். மாணவரும் பேராசிரியரும் வெளிநாட்டிலிருந்து வந்த அறிஞரும் வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசுவது அங்கே வழக்கம். நகரச் சேவைகளை ஆராய்ந்தபோது, மக்களிடம் கருத்துக் கேட்டதோடு நின்றுவிடாமல், தெருவிளக்கின் வெளிச்சத்தையும் சாலையின் மேடுபள்ளத்தையும் கருவிகொண்டு அளந்தார்கள்.

எலினாரின் கதை இங்கே முக்கியமானது. பெண்பிள்ளை என்பதால் பள்ளியில் முக்கோணவியல் படிக்க ஊக்கம் கிடைக்காமல், அதனாலேயே கணிதம் போதாதவராகி, பொருளியல் முனைவர் படிப்பில் சேர முடியாமல் அரசறிவியலுக்குப் போனவர் அவர். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1968இல் உருவான அங்குள்ள பல்துறை ஆய்வு மையத்தில், வெவ்வேறு துறை அறிஞர்கள் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, ஓராண்டு வரை அந்த வளாகத்திலேயே தங்கி ஆராய்வார்கள். அந்த ஊரில்தான் ரைன்ஹார்ட் செல்டன் என்ற பொருளியலாளரிடம், ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்து எப்படி அமையும் என்று கணிதத்தால் ஆராயும் ஆட்டக் கோட்பாட்டை அவர் கற்றார். ஊர் திரும்பியதும் ஜேம்ஸ் வாக்கர், ராய் கார்ட்னர் என்ற பொருளியலாளர்களோடு சேர்ந்து, பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் தங்களுக்குள் பேச வாய்ப்புக் கிடைத்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆய்வகத்தில் சோதித்தார். 1992இல் தொடங்கிய காட்டு ஆய்வுத் திட்டத்தில், மரத்தின் சுற்றளவும் அதே காட்டில் விறகு எடுப்பதற்கு ஊரார் வகுத்த விதியும் ஒரே தரவுத் தொகுப்பில் பதிவாயின. நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டபோது, அரசுத் துறை நடத்திய கால்வாய்களைவிட உழவர்களே நடத்தியவை கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் சேர்த்தது தெரியவந்தது. பொறியாளர் மட்டும் போயிருந்தால் மதகின் கட்டுமானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். சமூகவியலாளர் மட்டும் போயிருந்தால் வாய்க்காலில் ஓடிய தண்ணீரை அளந்திருக்க மாட்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான எலினார், தம் பங்குப் பணத்தைப் பட்டறைக்கே கொடுத்துவிட்டார்.

இனி நம் நிலைமை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, பதவி உயர்வுக் கணக்கில், இருவர் சேர்ந்து கட்டுரை எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு மதிப்பெண். இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. தனியாக எழுதுபவருக்கோ முழு மதிப்பெண். நீரியலாளர், கல்வெட்டறிஞர், தாவரவியலாளர் மூவரும் மூன்று ஆண்டு உழைத்து ஒரு கட்டுரை எழுதினால், அந்தக் கணக்கில் மூவருக்குமே நஷ்டம், அதிலும் இருவர் பெரிதும் நஷ்டப்பட்டே தீர வேண்டும். கூடி உழைப்பவரைத் தண்டிக்கும் விதியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டாய்வு மையத்துக்குக் கல்வெட்டுத் திறப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே உங்கள் மையம் உதவுமா என்பது அதன் கட்டடத்தைப் பொறுத்ததோ கூட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததோ அன்று. நான்கு பட்டறைகளுக்கு ஆகும் செலவை ஒன்றாகத் திரட்டி, உங்கள் பக்கத்துக் குளம் ஒன்றை மூன்று ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்ணை அறிந்தவரும் பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவரும் மடை திறந்து நீர் பாய்ச்சுபவரும் ஒரே கரையில் நிற்கட்டும். முதல் ஆறு மாதம் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. அந்த ஆறு மாதமும் கட்டுரை எங்கே என்று கேட்காமல் ஊதியம் தர மையம் ஒப்புக்கொள்ளுமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.