பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு ஒரே மகள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். பதினாறு வயது நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கணவர் கத்தாரில் சாரதியாக வேலை செய்கிறார். அவருடைய காக்கா (அண்ணன்) ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு இருபத்தேழு வயது, சொந்தமாகக் கடை இருக்கிறது, கைக்கூலியும் (சீதனமும்) வேண்டாம் என்கிறார்களாம். மகள் படிக்கட்டும், இப்போது வேண்டாம் என்றேன். "பதினெட்டு என்பது மற்றவர்களுக்கான சட்டம். நமக்கு மார்க்கம் பன்னிரண்டு வயதிலேயே அனுமதித்திருக்கிறது. நீ மார்க்கத்துக்கு எதிராகப் பேசுகிறாய்" என்கிறார் காக்கா. நானும் பதினைந்து வயதில் வாழ்க்கைப்பட்டவள்தான். கெட்டா போய்விட்டாய் என்று கேட்கிறார்கள். அவர் சொல்வது சரியா? நான் மறுத்தால் அது பாவமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புத்தளம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பாவமில்லை. நான் சட்டத்தரணி, மவ்லவி அல்ல. எனினும், மார்க்கத்தில் ஒன்று அனுமதிக்கப்பட்டிருப்பது வேறு, கட்டாயமாக்கப்பட்டிருப்பது வேறு என்பதை மதரஸாவில் முதல் வருடம் ஓதும் பிள்ளையும் அறியும். மகளைப் பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுப்பது பர்ழு (கட்டாயக் கடமை) என்று எந்த மத்ஹபும் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியும்) சொல்லவில்லை. ஆகவே அதைத் தள்ளிப்போடுகின்ற தாய் எந்தக் கடமையையும் மீறியவள் ஆகமாட்டாள். உங்கள் கணவரின் காக்கா சொல்வதில் ஒரு பாதி சரி, மறு பாதி தவறு. எனக்குக் கவலை தருவது அவர் சரியாகச் சொன்ன பாதிதான்.

இலங்கையில் இரு முஸ்லிம்களுக்கிடையிலான திருமணம் பொதுவான திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அதை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, பன்னிரண்டு வயது நிறையாத ஒரு பெண்பிள்ளையின் திருமணத்தைக் காதியார் (முஸ்லிம் திருமண வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) விசாரித்து அனுமதி கொடுத்தால் அன்றிப் பதியக்கூடாது என்கிறது. இந்த வாசகத்தைச் சற்று நிறுத்தி மறுபடியும் படித்துப் பாருங்கள். பன்னிரண்டுக்குக் குறைந்த வயதில் திருமணம் செய்யக்கூடாது என்று அது சொல்லவில்லை. காதியாரைக் கேளாமல் பதியக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு முஸ்லிம் திருமணம் செல்லாததாகிவிடுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்தச் சட்டத்தில் குறைந்தபட்சத் திருமண வயது என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது விளங்கும்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பதினாறு வயது நிறையாத பெண்ணுடன் உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின்படி பாலியல் வல்லுறவு. 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தியவர்கள் ஒரு விலக்கையும் சேர்த்து எழுதினார்கள்: பெண் பன்னிரண்டு வயதைக் கடந்தவளாகவும் அந்த ஆணின் மனைவியாகவும் இருந்து, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாதவளாக இருந்தால் அது குற்றமாகாது. நாட்டின் ஏனைய சமூகங்களுக்குத் திருமண வயது பதினெட்டான பிறகு இந்த விலக்கு யாரைக் குறிக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் சட்டம் பிடிக்கின்ற குடை, நிக்காஹ் முடிந்த அன்று உங்கள் மகளின் தலைக்கு மேலிருந்து மடக்கப்படுகிறது.

இது அரசியலமைப்பு உறுதிசெய்யும் சமத்துவத்துக்கு முரண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். முரண்தான். ஆனால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை, அன்று நடைமுறையில் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று கூறி அந்த வழியை அடைத்துவிட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உறுப்புரையின் நிழலில்தான் இருந்துவருகிறது.

இனி, தவறான பாதிக்கு வருகிறேன். பன்னிரண்டு வயது என்பதை மார்க்கம் சொன்னதாக அவர் நம்புகிறார். குர்ஆனில் அப்படி ஓர் எண் இல்லை, ஹதீஸிலும் (நபிமொழிகளிலும்) இல்லை. அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும் சூரா அந்நிஸாவின் ஆறாவது வசனம் திருமணப் பருவத்தைக் குறிப்பிட்டு, அதோடு நில்லாமல், அவர்களிடம் விவேகத்தைக் கண்டால் பொருளை அவர்களிடம் ஒப்படையுங்கள் என்கிறது. பணத்தைக் கையில் கொடுப்பதற்கே முதிர்ச்சி பார்க்கச் சொல்லும் மார்க்கம், ஒரு குடும்பத்தையும் பிரசவத்தையும் கையில் கொடுப்பதற்கு மட்டும் அதைப் பார்க்க வேண்டாம் என்றா சொல்லியிருக்கும்?

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? நம்மவர்கள் 'எங்கள் சட்டம்' என்று பெருமையோடு சொல்லும் தனியார் சட்டத்தின் எழுத்து வடிவம், ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவந்த விதிகளை வைத்து ஆங்கிலேயர் 1806இல் பிரகடனப்படுத்திய முகம்மதியர் சட்டக்கோவையிலிருந்து தொடங்குகிறது. வயது விடயத்தில் இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1907ஆம் ஆண்டின் பொதுவான திருமணப் பதிவுச் சட்டத்திலும் பெண்ணுக்கான குறைந்த வயது பன்னிரண்டாகவே இருந்தது. ஐரோப்பிய, பறங்கியர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பதினான்கு! ஆளும் இனத்தின் மகளுக்கு இரண்டு வருடம் கூடுதலாக விளையாட அனுமதித்தவர்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும், அவர்கள் எந்த மதமானாலும், பன்னிரண்டு போதும் என்று நினைத்தார்கள். அந்த எண் 1995 வரை ஏட்டில் இருந்தது. அந்த வருடம் பொதுச்சட்டத்திலும் கண்டியச் சிங்களவருக்கான சட்டத்திலும் பதினெட்டு ஆனது. நம்முடைய சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. காக்கா மார்க்கத்தின் எண் என்று காத்துநிற்பது, ஏனையோர் கழற்றிப் போட்ட ஒரு பழைய சட்டையைத்தான்.

நாம் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபில் கன்னிப்பெண்ணின் விடயத்தில் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் விரிந்த அதிகாரம் உண்டு என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆலிம்கள் அதை எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியா, பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினாறிலிருந்து பத்தொன்பதாக 2019இல் உயர்த்தியது. நீதிமன்றத்தில் விதிவிலக்குப் பெறும் வழி அங்கே இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் வயதை உயர்த்தியதால் அந்த நாட்டு முஸ்லிம்கள் மார்க்கத்தைவிட்டு வெளியேறியதாக எவரும் சொல்லவில்லை. அல்ஜீரியாவில் 2005 முதல் பத்தொன்பது. எகிப்தில் 2008 முதல் பதினெட்டு. மேலும், தன் விருப்பமின்றித் தந்தை மணமுடித்துவைத்ததாக ஒரு கன்னிப்பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டபோது, ஏற்பதா விடுவதா என்ற தெரிவை அந்தப் பெண்ணிடமே அவர்கள் கொடுத்ததாக அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. காக்காவிடம் பேச நேர்ந்தால் சட்டத்தின் பிரிவு எண்களைவிட இந்த ஹதீஸே உங்களுக்கு உதவும்.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. 2019 ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாம் பட்டதெல்லாம் அவர் நெஞ்சிலும் இருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் நம் மையித்துகளை (இறந்தவர்களின் உடல்களை) எரித்தார்கள். 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று ஒரு செயலணி அமைத்து, முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிப் பெயர்பெற்ற ஒரு பிக்குவையே 2021இல் அதற்குத் தலைவராக்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து 'சட்டத்தை மாற்று' என்ற குரல் வந்தால், உள்ளதை இறுகப் பிடித்துக்கொள்ளவே எவருக்கும் தோன்றும். ஆனால் இந்த மாற்றத்தை முதலில் கேட்டவர்கள் அவர்கள் அல்லர்; காதி நீதிமன்ற வாசலில் காத்துக்கிடந்த நம் பெண்கள்தான், உங்கள் புத்தளத்துப் பெண்களும் அவர்களில் அடக்கம். அதற்காக 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை வர ஒன்பது வருடம் ஆனது. 2018இல் வந்தபோதும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான பரிந்துரைகளைக் கொடுத்தது. 2021இல் அமைச்சரவை சில முடிவுகளை எடுத்தது. அவையும் சட்டமாகாமல் வருடங்கள் கழிந்தன. 2009இல் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு இதற்குள் எத்தனை சம்பந்தம் வந்துபோயிருக்கும் என்று நான் சில வேளைகளில் கணக்குப் பார்ப்பதுண்டு.

உங்கள் சொந்தத் திருமணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டுப்போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கிணற்றில் விழுந்து உயிர்தப்பிய ஒருவர், அந்தக் கிணற்றுக்குச் சுவர் வேண்டாம் என்பதற்குச் சாட்சி ஆகமாட்டார். சில வருடங்களுக்கு முன் ஒரு காதி நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பொலித்தீன் பையில் கிளினிக் அட்டை. எப்போது திருமணமானது என்று கேட்டதற்கு, "ஒன்பதாம் வகுப்பு, மூன்றாம் தவணைச் சோதனைக்கு முந்தின கிழமை" என்றாள். ஆண்டோ மாதமோ அவள் நினைவில் இல்லை. நான் அவளோடு உள்ளே போக முடியாது. காதியார் முன் சட்டத்தரணிகள் தோன்றுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. காதியாராக ஓர் ஆணையே நியமிக்கலாம் என்பதும் அதே சட்டம். கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அவள் பஸ்ஹ் (மனைவி கோரும் விவாகரத்து) கேட்டால் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தனியாகத்தான் போனாள்.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காக்காவோடு விவாதிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், ஏனென்றால் முடிவு அவர் கையில் இல்லை. காவின் (திருமணப் பதிவு) எழுதும்போது மாப்பிள்ளையும் பெண்ணின் வலியும் (பொறுப்பாளரும்) கையொப்பமிடுகிறார்கள். 1951இல் வகுக்கப்பட்ட படிவத்தில் மணமகளின் கையொப்பத்துக்கு ஓர் இடம்கூட இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய குறை அந்தச் சட்டத்தில் வேறில்லை. ஆனால் உங்கள் நிலைமையில் அந்தக் குறையே ஒரு பிடிமானமாகவும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு வலி அவளுடைய வாப்பா (தந்தை). அவர் உயிரோடும் தொடர்போடும் இருக்கும்போது பெரியவாப்பா தாமாக அந்த இடத்துக்கு வர முடியாது. கணவர் அதிகாரம் கொடுத்தால் மட்டுமே முடியும். ஆகவே நீங்கள் பேச வேண்டிய ஒரே ஆள் கத்தாரில் இருக்கிறார். அவரிடம் 'எதிர்க்க வேண்டும்' என்று கேட்காதீர்கள்; அண்ணனை எதிர்க்கச் சொன்னால் தம்பிக்குச் சங்கடம். 'நான் வந்த பிறகு பேசலாம், அதுவரை யாருக்கும் வக்காலத்துக் கொடுக்கமாட்டேன்' என்று சொன்னால் போதும் என்று கேளுங்கள். அதில் ஒருவருடைய மரியாதையும் குறையாது.

பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் சட்டக் கடமை என்பதையும் அவர் அறிந்திருப்பது நல்லது. வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நெருக்கடி மிகுந்து, உங்களை மீறிக் காரியம் நடக்கப்போகிறது என்று தோன்றினால், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். நிக்காஹுக்கு முன் அவர்களால் வந்து பேசவும் எச்சரிக்கவும் முடியும். நிக்காஹுக்குப் பிறகு அவர்களுடைய கை எவ்வளவு குட்டையானது என்பதை மேலே எழுதிவிட்டேன். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கடிதம் அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் வந்திருக்கிறது. உங்கள் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, பென்சிலால், வேறொரு கையெழுத்தில், "உயர்தரத்தில் உயிரியல் படிக்க விருப்பம்" என்று ஒரு வரி இருக்கிறது. அது நீங்கள் அறிந்து எழுதப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை உறையில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வரியை ஒரு படம் எடுத்து, வேறு எதுவும் எழுதாமல், வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறையாக இருக்கும் நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவர் அழைக்கும்வரை காத்திருங்கள்.